நெட்வொர்க் சுவிட்ச் சூடாகுதுன்னு போன் வந்தா நான் பாக்குறது

சம்மர் வந்துட்டாலே "சார், சுவிட்ச்சுல கை வெக்க முடியல, மாத்திரலாமா"ன்னு போன் வர ஆரம்பிச்சிரும். (லைட் சுவிட்ச் இல்லீங்க, கம்ப்யூட்டர், கேமரா எல்லாத்தையும் கேபிள்ல இணைக்கிற பெட்டி.) கை வெச்சு பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுங்க. ஃபேன் இல்லாத எட்டு போர்ட் சுவிட்ச்சுக்கு அந்த மெட்டல் பாடிதான் ஹீட்சிங்க், உள்ள இருக்குற சூட்டை வெளிய தள்ளத்தான் பாடியே சூடாகுது, அது சூடாகலைன்னாதான் கவலைப்படணும். (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெக்காம இருந்தா போதும்.)

நான் பாக்குறது ரெண்டு டெம்பரேச்சருக்கு நடுவுல இருக்குற வித்தியாசம். சிஸ்கோ 9300 மாதிரி சுவிட்ச்ல "ஷோ என்விரான்மென்ட் ஆல்"னு கமாண்ட் அடிச்சா இன்லெட் (காத்து உள்ள போற எடம்), அவுட்லெட் (வெளிய வர்ற எடம்), ஹாட்ஸ்பாட் (உள்ள ரொம்ப சூடாகுற எடம்)னு தனித்தனியா வரும். இன்லெட்டுக்கு 46 டிகிரில மஞ்சள் (எச்சரிக்கை), 56ல சிவப்பு (ஆபத்து), ஹாட்ஸ்பாட்டுக்கு 105ல மஞ்சள், 125ல சிவப்பு. நெறைய பேர் ஹாட்ஸ்பாட் 60ன்னு வந்ததும் பயந்துருவாங்க, அது ஒண்ணுமே இல்ல. இன்லெட்டும் ஏறி ஹாட்ஸ்பாட்டும் கூடவே ஏறுனா கோளாறு ரூம்லயோ ரேக்லயோ (சுவிட்ச் மாட்டி வெக்கிற அலமாரி) இருக்கு, சுவிட்ச்சை மாத்தி பிரயோஜனம் இல்ல. இன்லெட் அப்படியே இருக்க உள்ள மட்டும் ஏறுனா ஃபேன், தூசி, இல்ல உள்ளயே ஏதோ ஒண்ணு. ஆனா ஃபேன் ஸ்பீடையும் சேத்து பாக்கணும், புது சுவிட்ச் எல்லாம் சூடு ஏற ஏற ஃபேனை வேகமாக்கி டெம்பரேச்சரை புடிச்சு வெச்சிக்கும், நம்பர் நார்மலா தெரியும், ஃபேன் மட்டும் கத்திட்டே கெடக்கும்.

திருப்பூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மதியம் ஆனா கேமரா கட் ஆகுதுன்னு கூப்ட்டாங்க. பழைய பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள்லயே கேமராவுக்கு கரன்டும் அனுப்புறது), சென்சார் ஒண்ணே ஒண்ணுதான், இன்லெட் எல்லாம் தனியா காட்டாது. லாக் (சுவிட்ச் தானா எழுதி வெக்கிற பதிவு) எடுத்து பாத்தா தேதி எல்லாம் மார்ச் 1, 1993ல இருந்து ஓடுது, சிஸ்கோல கடிகாரம் செட் பண்ணலைன்னா அங்கேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும். எப்ப சூடாச்சுன்னு தெரியாத லாக்கை வெச்சு என்ன பண்றது? அதனால முதல்ல என்டிபி (நெட்வொர்க் வழியா கடிகாரத்தை சரி பண்ணிக்கிறது) குடுத்து, லாக் எல்லாம் வேற ஒரு பிசிக்கு போற மாதிரி மாத்துனேன், ஏன்னா சுவிட்ச் ரீபூட் ஆனா உள்ள இருக்குற பஃபர் லாக் காலி.

அங்க இருந்த எலக்ட்ரீசியன் அண்ணன் "கேமரா அத்தனைக்கும் இதுலேர்ந்துதானுங்க கரன்ட் போகுது, லோடு தாங்கலீங்களாட்ட இருக்குது"ன்னார். நியாயமான சந்தேகம்தான். ஆனா கேமரா ராத்திரிலதான் இருட்டுல பாக்குறதுக்கு ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடி போட்டு கூட கரன்ட் இழுக்கும். லோடுதான் காரணம்னா ராத்திரிதான் தொல்லை குடுக்கணும், இங்க ராத்திரி எல்லாம் ஒழுங்கா ஓடுது, மதியம்தான் படுக்குது. அப்ப காத்துலதான் ஏதோ விஷயம் இருக்குன்னு ரேக் கதவை தெறந்து வெச்சு அரை மணி நேரம் விட்டேன், டெம்பரேச்சர் இறங்குச்சு ஆனா எதிர்பாத்த அளவுக்கு இல்ல. டிஷ்யூ பேப்பரை கீத்தா கிழிச்சு காத்து உறிஞ்சுற பக்கத்து ஓட்டைகிட்ட புடிச்சா ஒட்டவே இல்ல, ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. (ஊதுபத்தி புகைய வெச்சு பாக்கலாம்னு சொல்லுவாங்க, பஞ்சு மில்லுல அதை நெனச்சுகூட பாக்காதீங்க.)

டார்ச் அடிச்சு பாத்தா ஓட்டையே தெரியல. பஞ்சும் எண்ணெய் பிசுக்கும் சேந்து படிஞ்சு, நகத்தால ஒரு ஓரத்தை கெளப்புனா கம்பளி மாதிரி ஒரே பாளமா உரிஞ்சு வருது. உரிச்ச எடத்துல மறுபடி பேப்பரை புடிச்சேன், சட்டுனு ஒட்டிக்கிச்சு. உள்ள சுத்தம் பண்ண மில்லு கம்ப்ரஸர் காத்தை அடிக்கிறேன்னு வந்தாங்க, வேண்டாம்னுட்டேன், அதுல தண்ணியும் எண்ணெயும் கலந்து வரும். சாதா புளோயர் போதும், ஆஃப் பண்ணிட்டு அடிக்கணும், அடிக்கும்போது ஃபேன் இறக்கைய ஒரு குச்சியால புடிச்சிக்கணும், இல்லைன்னா பேய் வேகத்துல சுத்தி பேரிங் போயிரும்.

வேலை அதோட முடியல. சுத்தம் பண்ணப்புறமும் சில நாள் மட்டும் டெம்பரேச்சர் குபுக்குனு ஏறுது. இப்ப லாக்ல நேரம் சரியா இருக்கே, அதை ஈபி கட் ஆன நேரத்தோட வெச்சு பாத்தா அச்சா பொருந்துது. கரன்ட் போனா சுவிட்ச் யூபிஎஸ்ல ஓடும், ஏசி நின்னுரும், கரன்ட் திரும்பி வந்தாலும் அந்த ஸ்ப்ளிட் ஏசி தானா ஆன் ஆகாது, யாராவது ரிமோட்டை அமுக்கணும். போதாததுக்கு யூபிஎஸ்ஸும் அதே ரேக்ல கீழ் தட்டுல, அது விடுற சூடு நேரா மேல சுவிட்ச்சுக்கு. யூபிஎஸ்ஸை வெளிய எறக்கி வெச்சோம், பேட்டரிக்கும் அதுதான் நல்லது. ஏசிக்கு ஆட்டோ ரீஸ்டார்ட் இருக்குற மாடல் கேட்டிருக்கோம், பர்ச்சேஸ்ல ஃபைல் நகர்ந்துட்டு இருக்கு.

ஐஆர் தெர்மாமீட்டர் துப்பாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு, பளபளன்னு இருக்குற மெட்டல்ல நேரா அடிச்சா கம்மியா காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அது மேல அடிங்க.

10ஜி காப்பர் எஸ்எஃப்பி (சுவிட்ச் போர்ட்ல சொருகுற, செம்பு கேபிளுக்கான சின்ன மாடியூல்) போட்டிருந்தா அதையும் பாத்துருங்க, ஒண்ணு ரெண்டரை வாட் கிட்ட சாப்பிடும், ஃபைபர் மாடியூல் அந்த அளவுக்கு போகாது. பக்கத்து பக்கத்துல சொருகாம நடுவுல ஒரு போர்ட் காலியா விடுங்க.

ஃபேன் மாத்துறதா இருந்தா சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கெடைக்கிற 40 எம்எம் ரெண்டு வயர் ஃபேனை வாங்கி மாட்டாதீங்க. அது சுத்தத்தான் செய்யும், ஆனா சுத்துதுன்னு சுவிட்ச்சுக்கு சொல்ற மூணாவது வயர் இல்லாததால ஃபேன் ஃபெயில்னு லைட் எரிஞ்சிட்டே இருக்கும், நாளைக்கு நெஜமாவே ஃபேன் நின்னா யாருக்கும் தெரியாது. மூணு வயர் வாங்குனாலும் பழைய ஃபேனோட பின் வரிசைய மல்டிமீட்டர்ல பாத்துட்டு மாட்டுங்க, சில கம்பெனி வரிசைய மாத்தி வெச்சிருப்பாங்க, 12 வோல்ட் தப்பான பின்னுக்கு போச்சுன்னா போர்டே காலி.