மூன்று வருடம் உறங்கிய ஈஸ்ட்

நார்வேயின் வொஸ் பக்கத்துப் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றிவந்த பியர் ஈஸ்ட்டுக்குக் க்வைக் என்று பெயர். அந்தக் காலத்தில் மரத்தில் செய்த வளையத்திலோ துணியிலோ அதைத் தோய்த்துக் காயவைத்து, அடுத்த முறை காய்ச்சும்வரை தொங்கவிடுவார்கள். பெர்கனில் என் சமையலறையில் நான் பேக்கிங் தாளில் செய்கிறேன்.

முதல் தடவை, பியர் புளித்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை ஈரத்தோடு அப்படியே உறையவைத்துவிட்டேன். செல்லுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகிச் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். கிளிசரின் கலந்திருந்தால் தப்பித்திருக்கும். பிறகு அதை மால்ட் சாற்றில், அதாவது முளைகட்டிய பார்லிச் சாற்றில், போட்டு மூன்று நாள் காத்தும் ஒரு குமிழிகூட வரவில்லை. அன்று உண்மையிலேயே அழுகை வந்தது.

இப்போதெல்லாம் மேலே நிற்கும் பியரை வடித்துவிட்டு, வண்டலை மெல்லிசாகத் தடவி, மின்விசிறி முன்னால் இரண்டு நாள் வைக்கிறேன். அப்பளம்போல நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் காற்றை வெளியேற்றிய பையில், தேதி எழுதி, மைனஸ் 18 டிகிரியில்.

போன மாதம் மூன்று வருடப் பழைய பை ஒன்றைப் பிரித்தேன். 1.035 அடர்த்தியில் (தண்ணீர் 1.000) அரை லிட்டர் மால்ட் சாறு, 35 டிகிரி சூடு, ஒரு தேக்கரண்டிச் சில்லு. மறுநாள் காலை மூடியைத் திறந்தால் நுரை, கூடவே ஆரஞ்சுத் தோல் வாசனை!