ஃபேன் ஓடத்தான் செய்தது

வண்டி 2012 மாடல் சின்ன பெட்ரோல் கார், 91,000 கிலோமீட்டர் ஓடியது. மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் நான்கு வழிச் சாலையில் ஏசி போட்டுக்கொண்டு 80-ல் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டினால் மட்டும் சூடு முள் மேலே ஏறும். இன்ஜின் சூட்டைக் காட்டும் ப்ளூடூத் ஸ்கேனரை போனில் இணைத்துப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் 88 டிகிரி, சிக்னல் ஊர்தலில் 106.

சித்திரைத் திருவிழா நெரிசலில் யானைக்கல் பக்கம் ஒருநாள் வேறு வழியில்லாமல் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டேன். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். முள் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், "என்ன மாப்ள, இந்த வெயிலுக்கு அனலு வேறயா?" என்றார். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது.

அடுத்த ஞாயிறு ரேடியேட்டரில் ஆரம்பித்தேன். வண்டி நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்தேன். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், இதில் அவசரம் கூடவே கூடாது. மூடியின் ரப்பர் வெடித்துப்போய் இருந்தது. இந்த மூடி வெறும் அடைப்பு இல்லை. உள்ளே 0.9 பார் அழுத்தம் வரை தாங்கிப் பிடிக்கிறது, அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். புது மூடி போட்டேன். கீழே ஹோஸைக் கழற்றியதும் டீ நிறத்தில் தண்ணீர், கூடவே வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். குற்றவாளி நானே. வற்றும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். வெந்நீர் வைக்கிற பாத்திரத்தின் அடியில் படிகிற அதே உப்புதான் இங்கேயும் படிந்திருக்கிறது. நாலு தடவை அலசி, கூலன்ட் பாதி, டிஸ்டில்ட் வாட்டர் பாதி கலந்து ஊற்றி, குமிழி அடங்கும் வரை ஐட்லிங்கில் விட்டேன்.

பலன்? 106 இருந்தது 104 ஆனது. அவ்வளவுதான்.

இரண்டாவது ஞாயிறு தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, கழற்றி, பழைய ஈயப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினேன். மேலே 82 என்று பொறித்திருந்தது. தெர்மாமீட்டர் 83 காட்டியபோது வால்வு லேசாக வாய் திறந்தது, 95-ல் முழுசாகத் திறந்துவிட்டது. பழுது இல்லை. "அந்தப் பாத்திரம் இனி அடுப்படிக்கு வரக்கூடாது" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டிவிட்டு ரேடியேட்டர் ஃபேனைப் பார்த்தேன். 98 டிகிரியில் சர்ரென்று ஓடியது. சரி, ஃபேன் நல்லாருக்கு என்று முடிவு கட்டினேன். ஒரு வாரம் வீணானது அந்த ஒரு முடிவால்தான்.

ஒரு விஷயம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் இருபது நிமிடம் சும்மா நிறுத்தி ஓடவிட்டால் 101-ஐத் தாண்டவில்லை. சாலையில் மெல்ல ஊர்ந்தால்தான் 104. ஊரும்போது கொஞ்சமாவது காற்று வருமே, குறையத்தானே வேண்டும்?

மூன்றாவது ஞாயிறு மாமனாரிடம் இதைப் புலம்பினேன். சோழவந்தானில் முப்பது வருஷமாக பம்புசெட் வைத்து விவசாயம் பார்க்கிறவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஃபேன் ஓடுது சரி, காத்து எந்தப் பக்கம் போகுது? நம்ம மோட்டாருல மூணு ஃபேஸ்ல ரெண்ட மாத்திக் குடுத்துட்டா ரிவர்ஸ்ல சுத்தும் மாப்ள. சத்தம் வரும், தண்ணியும் வரும், ஆனா பாதி கூட வராது."

தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொண்டு போனேன். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் இருக்கிறது. முன்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்க வேண்டும். அப்படியானால் முன் கிரில்லில் தாளை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். வைத்தேன். ராகு காலம், எமகண்டத்தோடு தாள் என் முகத்திலேயே வந்து அடித்தது. கையை வைத்துப் பார்த்தால் கிரில் வழியாக அனல் வெளியே வருகிறது.

ஜனவரியில் ஒரு பட்டறையில் ஃபேன் மோட்டாரை மாற்றியிருந்தேன். பழைய கனெக்டர் உருகிப்போனதால் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். டேப்பைப் பிரித்தால் நீலம் கறுப்போடு, கறுப்பு நீலத்தோடு. டிசி மோட்டாரில் பிளஸ் மைனஸ் மாறினால் அப்படியே எதிர்த்திசையில் சுற்றும். நின்ற இடத்தில் எதிர்க்காற்றாவது, சூடாகவாவது, ரேடியேட்டருக்குள் புகுந்து வந்தது. ஊரும்போது முன்னாலிருந்து வரும் காற்றும் ஃபேன் தள்ளும் காற்றும் முட்டி நின்றுவிட்டன. 80-ல் போகும்போது வெளிக்காற்று ஜெயித்துவிடும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வயரை நேராக்கி சால்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டினேன். அரை மணி நேர வேலை. மறுபடி தாளை வைத்ததும் கிரில்லில் பச்சக்கென்று ஒட்டியது.

திங்கள் மாலை ஆறரைக்கு, ஏசி போட்டு, வேண்டுமென்றே கோரிப்பாளையம் வழியாகப் போனேன். மூன்று சிக்னல் விழுந்தும் 97-ஐத் தாண்டவில்லை, 92 வரை இறங்கி இறங்கி ஏறியது. தெர்மோஸ்டாட் மூடியில் மட்டும் பச்சையாக ஒரு சொட்டு கசிகிறது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டுவிட்டேன், வரும் ஞாயிறு அதை மாற்ற வேண்டும்.