ஆப்பிள் கன்றுக்கு என்ன வியாதி?

ஜெயநகர் மொட்டை மாடியில் நிற்கும் ஆப்பிள் கன்றின் கொழுந்து சுருண்டதும், "வைரஸ்தான், பிடுங்கிப் போடுங்க" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. அவருக்கு எல்லாமே வைரஸ்தான். இலையைத் திருப்பினால் பச்சைப் பச்சையாய் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி), ஒரே பிசுபிசுப்பு, தண்டில் எறும்பு வரிசை. அசுவினி கசியும் தேன் போன்ற இனிப்பு நீருக்குத்தான் எறும்பு ஏறும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். மிச்சத்துக்கு வெயில் தாழ்ந்ததும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல்.

நுனி இலைகளில் மாவு பூத்தது வேறு கதை, சாம்பல் நோய். தேய்த்தால் விரலில் ஒட்டும். கந்தகம் அடித்தால் கேட்கும்தான், ஆனால் எண்ணெய் அடித்த கையோடு அடித்தால் இலை கருகிவிடும். இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று அந்த நுனிகளை வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று.