ஆணி அறையாத பலகை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு தொடர்மாடிக் கட்டிடத்தின் நான்காம் தட்டிலிருந்து மூன்றாம் தட்டுக்கு நான் விழுந்து ஒன்றரை ஆண்டாகிறது. பதினொரு அடி உயரம். பார்க்க வந்தவர்களில் அநேகமாக எல்லோரும், ஹட்டனிலிருந்து ஓடிவந்த அம்மா உட்பட, கேட்ட முதல் கேள்வி, “பார்த்து நடந்திருக்கக் கூடாதா?” என்பதுதான். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள விடையை ஒருமுறையாவது முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

நான் பூச்சு வேலைக்காரன். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கொழும்பில் இந்தத் தொழிலைச் செய்கிறேன். தண்ணீர்க் குழாய்கள் ஏறுவதற்காக ஒவ்வொரு தட்டிலும் கொங்கிறீட் போடும்போதே ஒரு நீள்சதுரத் துளை விடுவார்கள். அந்தக் கட்டிடத்தில் அது ஐந்தடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் தடுப்புக் கட்டவேண்டும், முடியாவிட்டால் தடித்த பலகையால் மூடி, அது நகராதபடி ஆணி அறைந்து, மேலே சிவப்பு வர்ணத்தில் எழுதவேண்டும். எங்கள் தட்டில் ஒரு பிளைவுட் பலகையை வெறுமனே கிடத்தியிருந்தார்கள். காலையில் குழாய் வேலைக்காரர்கள் அதைச் சற்று நகர்த்தி அளவெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குமேல் மணலும் காய்ந்த சாந்தும் சிந்தி, பலகை எது, தரை எது என்று பிரித்தறிய முடியாத நிறமாகிவிட்டது. சாந்துத் தாச்சியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த நான் அதன் ஒரு முனையில் கால்வைத்தேன். அந்த முனைக்குக் கீழே விளிம்பு இருக்கவில்லை. பலகை நிமிர்ந்து, எனக்கு முன்னதாகவே கீழே போனது.

விழுந்தபின் வலியைவிட முதலில் தெரிந்தது சீமெந்தின் வாசனைதான், வாயெல்லாம் சாந்து. எழும்பப் பார்த்தேன். மேற்பார்வையாளர் முச்சக்கரவண்டி பிடிக்கச் சொல்லிக் கத்த, இரண்டு பொடியன்கள் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வந்தார்கள். மட்டக்களப்பைச் சேர்ந்த வயதான தச்சர் ஒருவர் ஓடிவந்து அவர்களைத் தள்ளிவிட்டு, “அசையாத மகன், முதுகு போயிரும்” என்றார். என்னோடு விழுந்த அதே பிளைவுட் பலகையை இழுத்துவந்து, நான்கு பேரைப் பிடிக்கச் சொல்லி, தலையும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி என்னை அதில் ஏற்றினார். 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அழைத்ததும் அவர்தான். அந்த இலவச அம்புலன்ஸ் வண்டியில் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வலது குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவனுக்கு முள்ளந்தண்டையும் கட்டாயம் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் வைத்தியர், ஏனெனில் பாதத்தில் இறங்கிய அதிர்ச்சி அப்படியே மேலேறி இடுப்பை அடித்துவிடும். என் இடுப்புப் பகுதியின் முதலாவது முள்ளெலும்பும் நசிந்துதான் இருந்தது. முதுகைத் தூக்கி வளைத்து முச்சக்கரவண்டியில் உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீக்கம் வடியும்வரை குதிகாலில் சத்திரசிகிச்சை செய்ய முடியாதாம். தினமும் காலையில் வந்து, பாதத்தின் ஓரத் தோலில் சுருக்கம் விழுகிறதா என்று பார்ப்பார். பத்தாம் நாள்தான் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அதன்பின் மூன்று மாதம் அந்தக் காலை நிலத்தில் ஊன்றவில்லை.

அந்த மூன்று மாதத்தில்தான் நான் யாருடைய ஆள் என்ற கேள்வி எழுந்தது. பிரதான ஒப்பந்தக்காரர் தம்முடைய சம்பளப் பட்டியலில் என் பெயர் இல்லை என்றார். அது உண்மை, நாங்கள் உப ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நாட்சம்பளத்துக்கு நின்றவர்கள், எங்கள் பெயர்கள் அவருடைய சிறிய கொப்பியில் மட்டுமே இருந்தன. ஆனால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இப்படியொரு நழுவலை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறது: தம் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் ஒப்படைத்தவர், அந்த இன்னொருவரின் வேலையாளுக்கும் பொறுப்பாளியாவார். அதைவிட முக்கியமாக, சாதாரணக் கவனக்குறைவைக் காட்டி நட்டஈட்டை மறுக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. குடிபோதையில் இருந்தாலோ, பாதுகாப்புக்காக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புக்காக வைத்த ஒன்றை வேண்டுமென்றே அகற்றியிருந்தாலோதான் மறுக்கலாம். “பார்த்து நடந்திருக்கக் கூடாதா?” என்று கேட்பவர்கள் இதை அறிந்திருப்பதில்லை. தொழிலாளியே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறான் என்பதே எனக்குப் பெரிய வேதனை.

உப ஒப்பந்தக்காரருக்கு இது தெரிந்திருந்தது. என் நட்டஈட்டுக் கோரிக்கை தொடர்பாக நாரஹேன்பிட்டியில் நடந்த விசாரணையில், பலகை ஆணி அறைந்தே இருந்தது என்றும், சாந்துக் கழிவைக் கீழே தள்ளுவதற்காக நானே அதைப் பெயர்த்தேன் என்றும் அவர் சொன்னார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அந்த நேரத்தில் வார்த்தை வரவில்லை.

அடுத்த தவணைக்கு அந்தத் தச்சர் மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் வந்தார். அதற்குள் வேறொரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தும், ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். அவரிடம் கேட்டது ஒரேயொரு விடயம்தான்: பலகையைப் பார்த்தீரா? தலைமாட்டுப் பக்கத்து மூலையைப் பிடித்துத் தூக்கியவர் தாமே என்றும், ஏற்றுவதற்கு முன்னர் ஆணி ஏதும் முதுகில் குத்திவிடக் கூடாதே என்று நான்கு மூலைகளையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்ததாகவும் சொன்னார். ஆணியும் இருக்கவில்லை, ஆணி பிடுங்கிய ஓட்டையும் இருக்கவில்லை. முப்பது வருடம் பலகையில் வேலை செய்த கை அது. அவர் அந்தக் கையை விரித்துக் காட்டியபடி சொன்னதை எழுதுவினைஞர் வரிவரியாக எழுதிக்கொண்டார்.