பக்கத்துக் காம்பராவும் பணியக்கணக்கும்

கடந்த மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு சாவுகள் நிகழ்ந்தன. முதலாவது பக்கத்துக் காம்பராவில், அதாவது சுவரை ஒட்டிய அடுத்த வீட்டில். இறந்த தாத்தாவின் பேரன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். நான் ஐயாயிரம் ரூபாய் கொடுத்ததோடு, விடியும்வரை இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பணியக்கணக்கில், அதாவது தோட்டத்தின் கீழ்ப்பிரிவில். அங்கே ஐந்நூறு ரூபாயை எழுதிவிட்டு, கடைசி பஸ்ஸைச் சாட்டாக வைத்து அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். இறந்தவரோ கொழுந்து பறித்து மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்; பணம் அதிகம் தேவைப்பட்டது அந்த வீட்டுக்குத்தான்.

ஹாவர்ட் பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த வித்தியாசத்தை இரண்டு கூறாகப் பிரித்துப் பார்த்தது. கொடுத்தவர் யாரென்று பெறுபவருக்குத் தெரியவராது என்ற நிலையிலும், முன்பின் அறியாதவருக்குக் கொடுத்ததைவிட நண்பருக்கு 52 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பெயர் தெரியவரும் என்றானபோது, ஒருவர் விட்டுக்கொடுப்பதைவிட மற்றவர் பெறுவது அதிகமாக இருந்த சந்தர்ப்பங்களில், மேலும் 24 சதவீதம் கூடியது. முதலாவது பாசம், இரண்டாவது, நாளைக்கும் இவனோடு பழக வேண்டுமே என்ற கணக்கு.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது எளிதன்று என்றே எனக்குப் படுகிறது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் ஒரே சுவர். ஒரு சுண்டு அரிசி கைமாற்றாகப் போனாலும் லயம் முழுவதும் அறியும். (பெயர் சொல்லாமல் உதவ விரும்பினால் நுவரெலியாவுக்குப் போய்த்தான் உதவ வேண்டும்.) சாவு வீட்டில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி வைக்கும் கொப்பி எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா அதைப் புரட்டிப் பார்த்து, நமக்குச் செய்தவருக்குக் குறையாமல் திருப்பிச் செய்வார். ஆதரவற்ற பல குடும்பங்களை அந்தக் கொப்பி தாங்கியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்க வழியில்லாதவரின் பெயர் அதில் ஏறுவதில்லை, பெயர் ஏறாதவருக்குத் திரும்பிப் போவதும் குறைவு. பணியக்கணக்குக் குடும்பத்தின் பெயர் எங்கள் கொப்பியில் இல்லை. நான் ஐந்நூறு என்று தீர்மானித்தது அதனால்தான்.

கருமாதிக்கு மறுபடியும் அங்கே போனேன். மூத்த மகள், பாடசாலைக் கொப்பியொன்றின் பின்பக்கத்தில், என் பெயரையும் ஐந்நூறு ரூபாயையும் எழுதி வைத்திருந்தாள்.