நடராசரின் காலடியில் ஒரு அம்மா

கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரே கோயில், உள்மதிலின் கிழக்கு வாசல். வழிகாட்டி மேலே கைகாட்டி "சிவா டான்சிங்" என்றார். கூட்டம் செல்ஃபி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டது.

பத்துக் கை நடராசரின் காலடியில் பாருங்கள். வற்றிய உடம்பு, தொங்கிய மார்பு, குந்தியிருக்கும் ஒரு பெண். நம்ம காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 967-ல் குடமுழுக்கு கண்ட இந்தக் கம்போடியக் கோயிலில்!

அடுத்து 'தெற்கு நூலகம்' என்று சொல்லப்படும் சிறு கட்டடம். கிழக்கு முகப்பில் கயிலையைத் தூக்கும் இராவணன். மலையைப் படிப்படியாக அடுக்கியிருக்கிறார்கள். உச்சியில் பார்வதி பயந்து சிவனை ஒட்டிக்கொள்ள, அடித்தட்டில் விலங்குகள் சிதறி ஓடுகின்றன.

விடிந்ததும் வெயில் நேராக அடிக்கும், சிற்பம் தட்டையாகிவிடும். ஒன்பது மணிக்கு மேல் வெளிச்சம் சாயும்போதுதான் குடைவின் ஆழம் தெரியும். மதியத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் நிழல். பின்புறம் போய் சிவன்மேல் அம்பு விடும் காமனைப் பாருங்கள்.

கோயிலின் நடுப்பகுதிக்குப் போக முடியாதபடி கயிறு கட்டியிருக்கும். சின்ன பைனாகுலர் அவசியம்.

தயவுசெய்து தொடாதீர்கள். இது மணற்கல். மணல் படிந்து உண்டான அடுக்கு செங்குத்தாக இருக்கும்படி நிறுத்திய கற்களில் ஈரம் இறங்கினால் அப்பளம் போலப் பொரிந்து உரியும். அங்கோர் வாட்டில் தேவதைகளின் மார்பு மட்டும் கருத்துப் பளபளப்பது கைபட்டுத்தான். எரிச்சலாக வரும்.

அங்கோர் கோயில்களைப் பார்க்க ஒருநாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாளே எடுங்கள். அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கிய சுவர் மட்டுமே ஏறக்குறைய 49 மீட்டர்.