பறவைப் படங்களை அடுக்கும் ஆப்பிள்ஸ்கிரிப்ட்: இதுவரை வந்த தூரம்

கேமராவிலிருந்து இறக்கும் பறவைப் படங்களுக்குப் பெயர் வைக்க வேண்டும், இணையத்துக்கு ஏற்ற அளவில் ஒரு சிறு பிரதி எடுக்க வேண்டும், பறவைக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வைக்க வேண்டும். இந்த மூன்றையும் மேக்கில், ஆப்களுக்குக் கட்டளை எழுதும் ஆப்பிள்ஸ்கிரிப்ட் மொழி கொண்டு செய்து பார்க்கிறேன். மேக்கில் ஃபைல்களைக் காட்டும் ஃபைண்டரில் ஒவ்வொரு படத்தின் கமெண்ட் பகுதியிலும் பறவையின் பெயரைத் தட்டிவிடுவது மட்டும் என் வேலை. மீதியை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. வேடந்தாங்கல் படங்களில் இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

ஆப்பிள்ஸ்கிரிப்ட் 1993இல் வந்த மொழி. ஆங்கில வாக்கியம் போலவே எழுதலாம் என்பதால் முதல் சில வரிகள் சுலபமாக வந்துவிடும். ஆனால் இதில் ஒரே ஸ்கிரிப்ட் ஃபைண்டரோடு பேசுகிறது, படத்தைச் சிறிதாக்கும் இமேஜ் ஈவென்ட்ஸோடு பேசுகிறது, நடுவில், டெர்மினலில் தட்டும் கட்டளைகளை இயக்கும் ஷெல்லோடும் பேசுகிறது. ஒவ்வொரு வரியிலும் "இதை இப்போது கேட்பது யார்?" என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது. மாறியின் வரையெல்லையும் (மதிப்பை வைத்திருக்கும் பெயர் எங்கெல்லாம் செல்லும் என்பது) ஃபைலின் பாதையும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். போகப்போக இரண்டும் அந்த ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் மாறிகள். ஸ்கிரிப்டின் மேல்மட்டத்தில், எதுவும் அறிவிக்காமல் ஒரு மாறிக்கு மதிப்புக் கொடுத்தால், அது அந்த மேல்மட்டத்துக்கு மட்டுமே சொந்தம். கீழே தனியாக எழுதிய ஹேண்ட்லருக்குள் (பெயர் சொல்லி அழைக்கும் துணைப் பகுதி) அதே பெயரைச் சொன்னால் "இந்த மாறி வரையறுக்கப்படவில்லை" என்று -2753 என்ற எண்ணோடு பிழை வரும். வெளியே எழுதியது உள்ளே தானாகத் தெரியும் மொழிகளில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். குளோபல் என்று அறிவித்தாலோ, பிராப்பர்ட்டி ஆக வைத்தாலோ எங்கும் தெரியும். நான் இரண்டையும் முடிந்தவரை தவிர்த்து, ஹேண்ட்லருக்கு வேண்டியதை அழைக்கும்போதே கையில் கொடுத்துவிடுகிறேன். ஆறு மாதம் கழித்துத் திறந்து படித்தாலும் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

பிராப்பர்ட்டிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு முறை ஓடி முடிந்த பிறகும் அதன் மதிப்பு நிற்கும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். படங்களுக்கு வரிசை எண் கொடுக்க இது அருமையாகத் தோன்றியது. ஆனால் ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தாலே (ஓடும் வடிவத்துக்கு மாற்றினாலே) எண் தொடக்க மதிப்புக்குப் போய்விடும். தினமும் கை வைக்கும் ஸ்கிரிப்டுக்கு அது சரிவராது. அதனால் கடைசி எண்ணை அந்தந்தப் பறவையின் ஃபோல்டரிலேயே ஒரு சிறு உரை ஃபைலில் எழுதி வைக்கிறேன்.

அப்புறம் டெல் பிளாக், அதாவது ஒரு ஆப்பை அழைத்து அதனிடம் சொல்லும் வரிகளின் தொகுதி. அது மாறிகளுக்குப் புது எல்லை எதையும் போடுவதில்லை. வெளியே உள்ள மாறி உள்ளேயும் அப்படியே கிடைக்கும். மாறுவது சொற்களின் பொருள். ஃபைண்டருக்கான டெல் பிளாக்குக்குள் நேம், கமெண்ட், ஃபோல்டர் எல்லாம் ஃபைண்டரின் அகராதிச் சொற்கள். அந்தப் பெயரில் நாம் மாறி வைத்தால், ஃபைண்டர் தன்னுடைய பண்பைத்தான் கேட்கிறோம் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் எடிட்டரில் கம்பைல் செய்ததும் சொல்லின் நிறம் மாறுவதை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கு எனக்குக் கிடைத்த வழி மிகவும் பிடித்துப்போனது. இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் எழுதினால் எந்த எழுத்திலும் மாறிக்குப் பெயர் வைக்கலாம். 2007இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மொழி முழுக்க யூனிகோட், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு. ஆகவே |பறவை|, |இடம்|, |எடுத்ததேதி| என்று தமிழிலேயே வைத்துவிட்டேன். எந்த ஆப்பின் அகராதியிலும் தமிழ்ச் சொல் இல்லை, மோதலுக்கே இடமில்லை. படிக்கவும் சுகமாக இருக்கிறது.

ஹேண்ட்லரை அழைப்பதிலும் இதே கதை. டெல் பிளாக்குக்குள் இருந்து என் ஹேண்ட்லரை வெறுமனே அழைத்தால், அந்தக் கட்டளை ஃபைண்டருக்குப் போய்ச் சேரும். அதற்கு அப்படி ஒன்று தெரியாது, -1708 என்ற எண் பிழையோடு திருப்பி அனுப்பும். முன்னால் "மை" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், ஸ்கிரிப்டே அதை எடுத்துக்கொள்ளும்.

சரி, பாதைகளுக்கு வருவோம். அதிக நேரம் எடுத்ததும், அதிகம் கற்றுக்கொடுத்ததும் இந்தப் பகுதிதான். மேக்கில் ஒரே ஃபைலுக்கு இரண்டு விதப் பாதை. பழைய மேக் வழியில், வட்டின் பெயரில் தொடங்கி, ஒவ்வொரு ஃபோல்டரையும் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதுவது ஒன்று. யூனிக்ஸ் வழியில் சாய்கோட்டால் பிரித்து எழுதும் போஸிக்ஸ் பாதை இன்னொன்று. ஃபைண்டருக்குப் பழக்கமானது முதலாவது, ஷெல்லுக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டுமே. தேதியைச் சாய்கோடு போட்டு ஃபைல் பெயரில் எழுதியிருந்தால், ஃபைண்டரில் சாய்கோடாகவே தெரியும், டெர்மினலில் அதே இடத்தில் முக்காற்புள்ளி நிற்கும். நான் தேதிகளை 2024-01-14 என்ற வடிவில் எழுதத் தொடங்கியது இதனால்தான். வரிசையும் தானாகவே சரியாக விழும்.

இவை போதாதென்று மூன்றாவதாக ஃபைண்டர் தரும் குறிப்பு ஒன்று உண்டு: இன்ன ஃபோல்டரின், இன்ன ஃபோல்டரில் உள்ள, இன்ன ஃபைல் என்ற நீளமான விவரம். அது ஃபைண்டரின் சொந்தப் பேச்சு. அப்படியே எடுத்து இமேஜ் ஈவென்ட்ஸிடம் நீட்டினால் அதற்குப் புரியாது. ஏலியஸாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஏலியஸ் பாதையை நம்பி இருப்பதில்லை, ஃபைலையே அடையாளம் வைத்துக்கொள்ளும். பெயர் மாறினாலும், அதே வட்டில் வேறு ஃபோல்டருக்குப் போனாலும் பிடி விடாது. வரிசையாகப் பெயர் மாற்றிக்கொண்டே போகும் என் வேலைக்கு இது பெரிய வரம். ஃபைண்டரிடம் முதலிலேயே எல்லாப் படங்களையும் ஏலியஸ் பட்டியலாக வாங்கி வைத்துக்கொண்டால், பாதி வழியில் பெயர்கள் மாறினாலும் பட்டியல் குலையாது.

ஆனால் இன்னும் பிறக்காத ஃபைலுக்கு ஏலியஸ் கிடையாது. சிறிதாக்கிய பிரதியை எங்கே சேமிப்பது என்று சொல்லும் இடத்தில் வெறும் உரையாகத்தான் பாதையைக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: பாதைகளை மாற்றும் வேலை முழுவதும் டெல் பிளாக்குக்கு வெளியே, அதற்கென எழுதிய ஹேண்ட்லரில். உள்ளே போகும்போது ஏலியஸ் அல்லது உரை மட்டும். போஸிக்ஸ் ஃபைல் என்ற மாற்றத்தை ஃபைண்டரின் பிளாக்குக்குள் எழுதினால், அதையும் தன்னிடம் உள்ள ஒரு பொருள் என்று எண்ணி ஃபைண்டர் தேடத் தொடங்குவதைப் பார்த்த பிறகு இந்த வழக்கம் உறுதியானது.

எடுத்த தேதியை அறிய, படத்துக்குள் கேமரா பதிந்த விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூலை ஷெல் வழியாக அழைக்கிறேன். அதற்கான டூ ஷெல் ஸ்கிரிப்ட் என்ற கட்டளை ஒவ்வொரு முறையும் புது ஷெல்லைத் திறக்கிறது. முந்தைய அழைப்பில் மாறிய ஃபோல்டரோ, வைத்த மாறியோ அடுத்ததில் இருக்காது. டெர்மினலில் நமக்குக் கிடைக்கும் தேடல் பாதைகளும் அங்கே இல்லை. எனவே எக்ஸிஃப்டூல் இருக்கும் முழுப் பாதையை எழுத வேண்டும். ஃபைல் பெயரில் இடைவெளி இருந்தால் ஷெல் அதை இரண்டாக உடைத்துவிடும் என்பதால், பெயரை மேற்கோளுக்குள் வைத்துத் தரும் குவோட்டட் ஃபார்ம் கட்டாயம். மேற்கோள் குறியை நாமே கையால் சேர்க்க வேண்டாம், பெயருக்குள் ஒற்றை மேற்கோள் வந்தாலும் அது பார்த்துக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர்கள் ஒரு சுவாரசியமான சிக்கலைக் கொண்டுவந்தன. பழைய வெளிவட்டில், பறவையின் பெயரிலேயே சேமித்த படங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பெயர்களை என் பறவைப் பட்டியலோடு ஷெல்லில் ஒப்பிட்டபோது கூழைக்கடா பொருந்தியது, நத்தைகுத்தி நாரை பொருந்தியது. கொக்கு, மீன்கொத்தி, கொண்டலாத்தி மூன்றும் பொருந்தவில்லை. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் "கொ". யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். அந்த வட்டு எச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய மேக் ஃபைல் முறையில் அமைந்தது. அது ஃபைல் பெயர்களை எப்போதும் பிரித்தே சேமிக்கும். என் விசைப்பலகை ஒரே குறியாக அடிக்கிறது. 2017இல் வந்த புது முறையான ஏபிஎஃப்எஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, ஃபைலைத் தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கருதுகிறது. ஷெல்லின் ஒப்பீடு பைட்டுகளை மட்டுமே பார்க்கிறது.

ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மேக்கின் யோசமிட்டி பதிப்பிலிருந்து எந்த ஆப்பிள்ஸ்கிரிப்டிலும் ஆப்பிளின் ஃபவுண்டேஷன் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். குறிகளை ஒன்றாகச் சேர்த்துத் தரும் வசதி அதில் இருக்கிறது. வட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பெயரையும் முதலில் அதன் வழியாக அனுப்பிய பிறகே ஒப்பிடுகிறேன். கொக்கு இப்போது தன் ஃபோல்டருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பாக்கி இருப்பது பெயர் ஒன்றாக வந்துவிடும் படங்கள். ஒரே நொடியில் தொடர்ந்து எடுத்தவற்றுக்குத் தேதியும் நேரமும் ஒன்றே. கேமரா பதியும் நொடியின் பின்னத்தையும் எக்ஸிஃப்டூல் வழியாக எடுத்துப் பெயரில் சேர்க்க முடிகிறதா என்று அடுத்துப் பார்க்கப்போகிறேன்.